ஏற்றத்தில் 20, இறக்கத்தில் 30: சராசரிக் கதி ஏன் 25 ஆகாது?

கேள்வி: மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். வீட்டுவேலையில் இப்படி ஒரு கணக்கு: "தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லொறியொன்று 30 கி.மீ. தூரத்திலுள்ள நகரத்துக்கு மணிக்கு 30 கி.மீ. கதியில் இறங்குகிறது. அதே பாதையில் மணிக்கு 20 கி.மீ. கதியில் ஏறித் திரும்புகிறது. முழுப் பயணத்தின் சராசரிக் கதி என்ன?" அவளுடைய அப்பா 25 என்கிறார். என் தம்பி கல்குலேட்டரில் தட்டிவிட்டு 26.08 என்கிறான். டீச்சர் கொப்பியில் 24 என்று எழுதியிருக்கிறார். எது சரி? பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? (ஹட்டனிலிருந்து ஒரு தாய்)

பதில்: டீச்சர் எழுதிய 24தான் சரி. மற்ற இரண்டு விடைகளும் வெவ்வேறு இடத்தில் பிழைத்திருக்கின்றன. எங்கே பிழைத்தது என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி முடிந்தது.

கொப்பியில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: தூரம், நேரம், கதி. கீழே மூன்று வரி: இறக்கம், ஏற்றம், மொத்தம்.

இறக்கம்: 30 கி.மீ., 1 மணித்தியாலம், கதி 30.
ஏற்றம்: 30 கி.மீ., 1 மணித்தியாலம் 30 நிமிடம், கதி 20.
மொத்தம்: 60 கி.மீ., 2 மணித்தியாலம் 30 நிமிடம், கதி ?

தூரத்தைக் கூட்டலாம், நேரத்தையும் கூட்டலாம். கதி நிரலை மட்டும் கூட்டவும் கூடாது, கூட்டி இரண்டால் பிரிக்கவும் கூடாது. கேள்விக்குறி உள்ள கட்டத்தை அதே வரியில் இருக்கும் 60ஐயும் இரண்டரையையும் வைத்தே நிரப்ப வேண்டும். 60ஐ 2.5ஆல் பிரித்தால் 24. மணிக்கு 24 கி.மீ.

"25 ஏன் வரக்கூடாது?" என்று பிள்ளை கட்டாயம் கேட்பாள், கேட்கவும் வேண்டும். லொறி 30இல் ஓடியது ஒரு மணித்தியாலம்தான். 20இல் ஒன்றரை மணித்தியாலம் முக்கி முக்கி ஏறியிருக்கிறது. மெதுவாகப் போன நேரம் கூட என்பதால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு கதியிலும் ஒரே அளவு நேரம் ஓடியிருந்தால் 25 சரியாக வந்திருக்கும்: ஒரு மணித்தியாலத்தில் 30 கி.மீ., அடுத்த மணித்தியாலத்தில் 20 கி.மீ., ஆக 2 மணித்தியாலத்தில் 50 கி.மீ. அப்பா சொன்னது அந்தக் கணக்கின் விடை. இங்கே சமமாக இருப்பது தூரம், நேரமல்ல. இதைப் பிள்ளையிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுவதைவிட இது கூடுதலாக உதவும்.

இனி உங்கள் தம்பியின் 26.08. வழி முழுக்கச் சரி, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால்தான் பிரித்திருக்கிறார். 2 மணித்தியாலம் 30 நிமிடத்தை 2.30 என்று அழுத்தியதில்தான் சறுக்கல். ஒரு மணித்தியாலம் 60 நிமிடம், 100 அல்ல. 30 நிமிடம் என்பது 0.5. இந்தப் பாடத்தில் புள்ளிகள் அதிகம் பறிபோவது இந்த இடத்தில்தான். 6 நிமிடம் என்றால் 0.1 மணித்தியாலம் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்: 12 நிமிடம் 0.2, 15 நிமிடம் 0.25, 45 நிமிடம் 0.75. 20 நிமிடம் வந்தால் தசமத்துக்குப் போகவே வேண்டாம், மூன்றிலொன்று என்று பின்னமாகவே வைக்கச் சொல்லுங்கள். 40 கி.மீ. தூரத்தை 1 மணித்தியாலம் 20 நிமிடத்தில், அதாவது 4/3 மணித்தியாலத்தில் கடந்தால் கதி 40 ÷ 4/3 = 40 × 3/4, அதாவது 30. 1.33 என்று போட்டால் 30.07 என்று இழுபடும், 1.20 என்று போட்டால் 33.33 வந்து நிற்கும்.

பஸ் நேரக் கணக்கிலும் இதே பொறிதான். 9.45க்குப் புறப்பட்டு 11.20க்கு வந்து சேர்ந்தால் 11.20இலிருந்து 9.45ஐக் கழித்து 1.75 என்று எழுதக்கூடாது. 10 மணிக்கு 15 நிமிடம், 11க்கு ஒரு மணித்தியாலம், மேலே 20 நிமிடம். ஆக 1 மணித்தியாலம் 35 நிமிடம்.

சில கணக்குகளில் தூரமே தரமாட்டார்கள். மிரள வேண்டாம். 20க்கும் 30க்கும் பொது மடங்குகளுட் சிறியது 60. ஒரு வழித் தூரம் 60 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: இறங்க 2 மணித்தியாலம், ஏற 3. 120ஐ 5ஆல் பிரித்தால் அதே 24. எந்தத் தூரத்தை எடுத்தாலும் விடை மாறாது.

சொல் விஷயத்திலும் கவனம் தேவை. நம் பாடப்புத்தகத்தில் 'கதி' வேறு, 'வேகம்' வேறு. வேகம் என்றால் திசையும் சேர்ந்தது, இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரிப்பது. லொறி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் அதன் இடப்பெயர்ச்சி பூச்சியம், சராசரி வேகமும் பூச்சியம்! தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களில் நம் கதியை 'வேகம்' என்றும் நம் வேகத்தைத் 'திசைவேகம்' என்றும் சொல்வார்கள். பிள்ளை அவற்றைப் பார்த்துப் படித்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலையில் இதை விளக்குவது சுலபம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கூரை கண்ணுக்கெதிரே தெரியும், ரோட்டில் போனால் வளைந்து வளைந்து எத்தனையோ கிலோமீற்றர். கண் பார்க்கும் நேர்கோடு இடப்பெயர்ச்சி, டயர் உருளும் பாதை தூரம்.

பிள்ளைக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்க இதைக் கொடுங்கள். 15 கி.மீ. ஏற்றத்தில் ஒரு வான் மணிக்கு 15 கி.மீ. கதியில் ஏறுகிறது. போய்வரும் பயணத்தின் சராசரி 30 ஆக வேண்டுமானால் எந்தக் கதியில் இறங்க வேண்டும்? 45 என்றாளானால் இன்னும் கதி நிரலைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறாள். மொத்தம் 30 கி.மீ., சராசரி 30 என்றால் மொத்த நேரம் ஒரே மணித்தியாலம். அது ஏறும்போதே தீர்ந்துவிட்டது, எந்தக் கதியில் இறங்கினாலும் முடியாது.

அடுத்து ரயில் கணக்கு வரும், அதையும் இப்போதே பார்த்துவிடலாம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் ஏறத்தாழ 560 மீற்றர். 140 மீற்றர் நீளமான ரயில் மணிக்கு 25.2 கி.மீ. கதியில் அதை முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம்? முதலில் அலகை மாற்ற வேண்டும். ஒரு கிலோமீற்றர் 1000 மீற்றர், ஒரு மணித்தியாலம் 3600 செக்கன், ஆகவே 5/18ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 7 மீற்றர். 560ஐ 7ஆல் பிரித்து 80 செக்கன் என்றுதான் பலரும் எழுதுவார்கள். அந்த 80ஆவது செக்கனில் எஞ்சினின் முகம்தான் வெளியே வந்திருக்கும், பெட்டிகள் எல்லாம் இன்னும் இருட்டுக்குள்ளே. கடைசிப் பெட்டியும் வெளியே வர ரயில் தன் நீளத்தையும் சேர்த்து 700 மீற்றர் ஓட வேண்டும். 700ஐ 7ஆல் பிரித்தால் 100 செக்கன்.