பெக்மனின் பெட்டிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டு 8 பேர் வெளியேறியது பற்றி நீங்கள் எழுதியதில் ஆர்னால்ட் பெக்மன் என்ற பெயர் வந்தது. நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் ஸ்டோர் ரூமில் 'பெக்மன் டியு' என்று பொறித்த பழைய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்று கிடக்கிறது. அந்தப் பெக்மன்தான் இவரா? எங்கள் துறையில் ஒரு சாரிடம் கேட்டேன். "அவர் எதையும் கண்டுபிடிக்கலம்மா, கருவி செஞ்சு வித்தவர்" என்றார். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை, பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துத் தினமும் சரிபார்க்கிற எனக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவரேதான். கருவி செய்து விற்றவர் என்பதும் உண்மைதான். ஆனால் அதனாலேயே அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பெக்மன் 1900-இல் பிறந்தார். ஊர் கல்லம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பிரெய்ரி சமவெளியில் ஒரு குக்கிராமம். கண்ணுக்கு எட்டியவரை வயல்கள், நடுவில் சில நூறு பேர். அப்பா கொல்லர். உழவர்களின் கருவிகள் உடைந்தால் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் பழைய வேதியியல் பாடப்புத்தகம் ஒன்று பையன் கையில் கிடைத்தது. அதிலிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆரம்பித்தான். அப்பா திட்டவில்லை. பத்தாவது பிறந்தநாளுக்குத் தோட்டத்தில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு, "இது உன் ஆய்வகம்" என்று கொடுத்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இந்த அப்பா. 1912-இல் அம்மா நீரிழிவால் இறந்துபோனார். குடும்பம் ஊர் மாறியது. பையன் மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்தான். பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் எரிவாயு ஆலைக்கு வேதிப் பகுப்பாய்வும் செய்து கொடுத்தான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்காகக் கலிஃபோர்னியாவின் கால்டெக் என்ற தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரே வருடத்தில் அதை விட்டுவிட்டு நியூயார்க்குக்குப் போனார். காரணம் மேபல் என்ற பெண். அவர் அங்கே இருந்தார். 1925-இல் கல்யாணம். அங்கே கிடைத்த வேலையோ, பிறகு பெல் ஆய்வகமாக மாறிய இடத்தில். வால்வு, அதாவது மின் சமிக்ஞையைப் பெருக்கும் வெற்றிடக் குழாய், அதை வைத்துச் செய்யும் மின்னணுவியலை அவர் கற்றது அங்கேதான். கால்டெக்கிலேயே இருந்திருந்தால் நல்ல ஒளிவேதியியல் பேராசிரியர் ஒருவர் கிடைத்திருப்பார். வால்வு தெரிந்த வேதியியலாளர் கிடைத்திருக்க மாட்டார்.

1926-இல் கால்டெக்குக்குத் திரும்பி, 1928-இல் பட்டம் வாங்கி அங்கேயே ஆசிரியரானார். 1934-இல் கல்லூரித் தோழர் கிளென் ஜோசஃப் அவரைத் தேடி வந்தார். கலிஃபோர்னியப் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். விற்பனைக்குத் தேறாத எலுமிச்சைகளிலிருந்து சிட்ரிக் அமிலமும், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினும் எடுப்பார்கள். அந்தச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும். சாறு கெடாமல் இருக்கச் சேர்த்த சல்ஃபர் டைஆக்சைடு லிட்மஸ் நிறத்தை வெளுத்துவிடும், ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்துவிடும். மிச்சமிருந்த ஒரே வழி கண்ணாடி மின்முனை. அதன் சுவர் மெல்லியதாக இருந்தால் உடையும், தடித்ததாக இருந்தால் அதன் வழியே மின்சாரம் கிட்டத்தட்டப் போகவே போகாது. மின்னோட்டத்தை அளக்கும் அன்றைய கால்வனாமீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

பெக்மன் மின்னோட்டத்தைத் துரத்தவில்லை. மின்னழுத்தத்தை அளப்போம் என்று இரண்டு வால்வுகளை வைத்து ஒரு பெருக்கி செய்து கொடுத்தார். கொஞ்ச நாளில் ஜோசஃப் திரும்பி வந்தார், இன்னொன்று வேண்டுமென்று. முதல் கருவியைக் கூட வேலை செய்பவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தனக்குக் கிடைப்பதே இல்லை என்றார். இவர்களுக்கே இரண்டு தேவை என்றால் மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்று பெக்மனுக்கு அப்போதுதான் பட்டது.

இப்போது உங்கள் சார் சொன்னதற்கு வருகிறேன். பிஎச் என்ற அளவு 1909-இலேயே வந்துவிட்டது. கண்ணாடி மின்முனையும் அதே காலத்தது. வால்வுப் பெருக்கி புதிதல்ல. ஆனால் இவற்றை வைத்து அளக்க வேண்டும் என்றால் கை தேர்ந்த ஒருவர் மேஜை நிறையச் சாமான்களைப் பரப்பி நாள் முழுக்கப் போராட வேண்டியிருந்தது. மின்முனை, பெருக்கி, மீட்டர் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கி, தூக்கிப்போகக் கைப்பிடியும் வைத்தவர் பெக்மன். அதைத் தொழிற்சாலையில் நிற்கும் யாரும் பயன்படுத்தலாம். எது எதோடு சேர வேண்டும், எங்கே உடையும், யார் கையில் போகும் என்று இவ்வளவையும் யோசித்துச் செய்யும் வேலை, தேற்றம் எழுதுவதைவிடச் சுலபமானது என்று நான் நம்பவில்லை. 195 டாலர் விலை. அப்போது அது பெரிய தொகை. பத்து வருடத்தில் 600 விற்கலாம் என்று ஒரு பெரிய விற்பனையாளர் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைச் சில வருடங்களிலேயே தாண்டிவிட்டது.

உங்கள் ஸ்டோர் ரூமில் இருக்கும் டியு-வின் கதை இதைவிடப் பெரியது. 1941-இல் வந்தது. குவார்ட்ஸ் முப்பட்டகம், ஹைட்ரஜன் விளக்கு, புற ஊதாவையும் உணரும் ஒளிக்குழாய் என எல்லாம் ஒரே உடலுக்குள். அதற்கு முன்பு மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று தெரிய எலிகளுக்கு வாரக்கணக்கில் ஊட்டிப் பார்க்க வேண்டும். டியு-வில் சில நிமிட வேலை. 1940-களின் இறுதியில் உயிர்வேதியியலாளர் எர்வின் சார்காஃப் டிஎன்ஏ-வின் கூறுகளான காரங்களைப் பிரித்து அளந்தது புற ஊதா ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை வைத்துத்தான். அடினீனும் தைமினும் சமம், குவானினும் சைட்டோசினும் சமம் என்று அந்த எண்கள்தான் காட்டின. டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிய அது ஒரு முக்கியத் துப்பு. 1976 வரை 30,000-க்கும் மேல் டியு விற்றன. உங்கள் கல்லூரியில் அதைக் கண்டெம் செய்து கழிக்கும் பட்டியலில் எழுதினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். ஒரு கண்ணாடி அலமாரி போதும்.

அப்புறம் ஆக்சிஜன் மீட்டர். ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படும் வாயு என்பதை வைத்து வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1940-இல் ஒரு கருவியை வடிவமைத்தார். நீர்மூழ்கிக் கப்பலில் காற்று எப்படி இருக்கிறது என்று அறிய. அதற்குள் கண்ணாடியால் ஊதிய மிக நுண்ணிய ஒரு டம்பெல் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கும். அதை எண்ணிக்கையில் செய்து தந்தவர் பெக்மன். போருக்குப் பின் அதே கருவி குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டருக்கு வந்தது. ஆக்சிஜன் அதிகமானால் அந்தக் குழந்தைகளின் பார்வை போய்விடும் என்று மருத்துவர்கள் அறிந்துகொண்ட காலம் அது.

ஷாக்லி விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. 1955-இல் ஷாக்லி ஆய்வகம் தொடங்கப் பணமும் நம்பிக்கையும் கொடுத்தார், சரி. 1957-இல் அந்த 8 பேரும் ஷாக்லியைப் பற்றிப் பெக்மனிடமே முறையிட்டார்கள். முதலில் செவி கொடுத்தவர், கடைசியில் ஷாக்லி பக்கமே நின்றார். தன் பட்டறையில் யார் கையில் வேலை இருக்கிறது என்று நன்றாக அறிந்த மனிதர், அங்கே அதைப் பார்க்கத் தவறிவிட்டார்.

1982-இல் தன் கருவிக் கம்பெனியை விற்றார். அதன்பின் 2004-இல் 104 வயதில் இறக்கும்வரை, முதலில் மேபலோடும், 1989-இல் மேபல் இறந்தபின் தனியாகவும், சொத்தை அறிவியலுக்குக் கொடுப்பதே அவர் வேலையாக இருந்தது. அவர்களுடைய அறக்கட்டளை இளம் பேராசிரியர்களுக்குத் தரும் நிதி ஒன்று இன்றும் இருக்கிறது. ஆய்வுக்குப் புதிய வழி திறக்கும் முறைகளையும் கருவிகளையும் பொருள்களையும் உருவாக்குகிறவர்களுக்கென்றே ஏற்படுத்தியது அது. உங்கள் சாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்.