படகுத்துறை: வாசகர் கேள்வி – பதில்

இரட்டையர் படகு, அதாவது இருவர் ஆளுக்கு இரண்டு துடுப்போடு வலிக்கும் டபுள் ஸ்கல்ஸ் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: சின்ன உடம்புக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் இனி இடம் உண்டா? அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கே: டி.வி.யில் பார்த்தேன். இரண்டு பேருமே போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? படகைத் திருப்புவது யார்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

ப: படகு போகிற பக்கத்து நுனியில், மற்றவருக்குப் பின்னால் இருப்பவர், நம் பேச்சில் ‘பௌ’. அவருக்கு முன்னால் முதுகு தெரிய உட்கார்ந்திருப்பவர் ‘ஸ்ட்ரோக்’. வேகத்தையும் தாளத்தையும் ஸ்ட்ரோக் வைப்பார். வழி பார்ப்பது, எப்போது முடுக்க வேண்டும் என்று குரல் கொடுப்பது எல்லாம் பௌவின் பொறுப்பு. எட்டுப் பேர் படகில் வழி பார்த்துச் சுக்கான் பிடிக்க இருக்கும் காக்ஸ் இதில் கிடையாது, சுக்கானும் கிடையாது. படகு இடப்பக்கம் ஒதுங்கினால், ஒரு கையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி வலித்து நேராக்கிக்கொள்ள வேண்டியதுதான். சர்வதேசப் போட்டிகளில் பாதையின் இருபுறமும் மிதவைகள் கட்டியிருப்பார்கள். தலையை முழுக்கத் திருப்பாமல், கடைக்கண்ணால் அவற்றைப் பார்த்தே போய்விடலாம். பயிற்சி நேரத்தில் மிதவை ஏது? அடையாற்றில் காலை ஐந்தரை மணிக்கு, மிதந்து வரும் தென்னை மட்டைக்கு நான் எத்தனை முறை கழுத்தைத் திருப்பியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

நான் பௌவில் உட்கார்ந்தவள். எட்டு வருடம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது என் இணையின் முதுகுதான். அவள் தோள்பட்டை அரை விரற்கடை தூக்கினால், நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கே: டபுள் ஸ்கல்ஸ், பேர் (pair) என்று இரண்டு போட்டிகள் இருக்கின்றனவே, இரண்டிலும் இரண்டு பேர்தானே? எது கடினம்?
– கல்லூரி மாணவர், கோவை

ப: பேரில் ஆளுக்கு ஒரே துடுப்பு, இரண்டு கையாலும் பிடிப்பார்கள். ஒருவர் இடம், ஒருவர் வலம். டபுள்ஸில் ஆளுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. டபுள்ஸில் வேகம் அதிகம். பேரில் சமநிலை கிடைப்பது கஷ்டம். எது கடினம் என்பதைக் குரோஷியாவின் சின்கோவிச் சகோதரர்களிடம்தான் கேட்க வேண்டும். மார்ட்டினும் வாலென்ட்டும் 2014-ல் ஆம்ஸ்டர்டாமில் 2000 மீட்டரை 5 நிமிடம் 59.72 வினாடியில் கடந்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் வந்த முதல் டபுள்ஸ் அவர்களுடையது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதில் தங்கம். அதோடு நிற்காமல் ஒற்றைத் துடுப்புக்கு மாறி, டோக்கியோவிலும் பாரிஸிலும் பேரில் தங்கம் வாங்கினார்கள். பதினைந்து வருடம் உடம்பில் ஊறிய அசைவை மாற்றிக்கொள்வது சாதாரண காரியம் இல்லை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கே: 0.01 வினாடியில் பதக்கம் போயிற்று என்று படித்தேன். 2000 மீட்டர் வலித்த பிறகு 0.01 வினாடி என்றால் கண்ணுக்குத் தெரியுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

ப: தெரியாது. வலித்தவர்களுக்கும் தெரியாது.

நீங்கள் சொல்வது டோக்கியோ ஒலிம்பிக்கில் லைட்வெயிட், அதாவது எடை வரம்புள்ள பிரிவில், பெண்கள் டபுள்ஸ் இறுதிப் போட்டி. இத்தாலியின் ரோதினி, செசரினி இணை 6 நிமிடம் 47.54 வினாடியில் முதலில் வந்தது. பிரான்ஸ் இரண்டாவது. நெதர்லாந்து 6:48.03-ல் மூன்றாவது. பிரிட்டனின் எமிலி கிரெய்க், இமோஜென் கிராண்ட் 6:48.04-ல் நான்காவது. நான்கு படகுகள், அரை வினாடிக்குள்.

இதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். அந்தப் படகு சராசரியாக வினாடிக்கு 4.9 மீட்டர் போயிருக்கிறது. அப்படியென்றால் 0.01 வினாடிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஒவ்வொரு படகின் மூக்கிலும் வெள்ளை ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும், எலுமிச்சம்பழ அளவு, சுமார் 4 சென்டிமீட்டர். மோதினால் யாருக்கும் குத்திவிடாமல் இருக்க வைத்தது. எல்லைக் கோட்டை எது முதலில் தொட்டது என்று படம் எடுத்துப் பார்ப்பதும் அந்த உருண்டையைத்தான். இரண்டு கிலோமீட்டர் வலித்து வந்து, அந்த ஓர் உருண்டை அளவுக்கு அவர்கள் வெண்கலத்தை விட்டார்கள்.

பதக்கம் போனதைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். இருவரும் பிரியவில்லை. 2022, 2023 உலகச் சாம்பியன் பட்டங்களை எடுத்தார்கள். பாரிஸில், வேர்-சுர்-மார்ன் நீர்நிலையில், தங்கம். அந்த மூன்று வருடத்தில் எத்தனை காலைகளில் அந்த 5 சென்டிமீட்டர் அவர்களோடு படகில் ஏறி உட்கார்ந்திருக்கும்! ஓர் அடியில், அதாவது ஒருமுறை துடுப்பு வலிப்பதில், துடுப்பைத் தண்ணீரில் சரியான கணத்தில் வைத்தோமா, கொஞ்சம் காற்றை வெட்டிவிட்டு வைத்தோமா என்பதில் அந்த 5 சென்டிமீட்டர் இருக்கிறது. ஒரு போட்டிக்கு இருநூற்றுச் சொச்சம் அடிகள். ஓர் அடியை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தால் போதும். எந்த அடி என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லா அடியையும் பழக வேண்டியிருக்கிறது.

கே: நடுவில் படகு உடைந்தால்?
– ஒரு வாசகர், மதுரை

ப: முதல் 100 மீட்டருக்குள் உடைந்தால் போட்டியை நிறுத்தி, சரி செய்துகொண்டு மறுபடி தொடங்கலாம். அதற்குப் பிறகு உடைந்தால் உங்கள் பாடு. 2012 லண்டனில் லைட்வெயிட் ஆண்கள் இறுதிப் போட்டி தொடங்கியதும் பிரிட்டனின் மார்க் ஹண்டருக்கு இருக்கை பழுதாயிற்று. நாம் உட்காரும் பலகை சின்னச் சக்கரங்களில் முன்னும் பின்னும் ஓடுவது. அது நின்றால் கால் பலம் முழுக்க வீண். நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள். ஹண்டரும் ஸாக் பர்ச்சேஸும் உயிரைக் கொடுத்து வலித்தும், டென்மார்க்கின் ராஸ்முசென், குவிஸ்ட் இணை அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக முந்தியது. போட்டி முடிந்து ஹண்டரைக் கைத்தாங்கலாகத்தான் கரை ஏற்றினார்கள். போட்டிக்கு முன் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துணியால் துடையுங்கள் என்று நான் பயிற்சி தரும் பிள்ளைகளிடம் இன்றும் சொல்கிறேன். ஒரு மணல் துகள் போதும்.

கே: குழந்தை பெற்ற பிறகு இந்த விளையாட்டுக்குத் திரும்ப முடியுமா?
– ஒரு வாசகி, சேலம்

ப: பாரிஸில் பெண்கள் டபுள்ஸில் தங்கம் வாங்கிய நியூசிலாந்தின் புரூக் பிரான்சிஸ், லூசி ஸ்பூர்ஸ் இருவருமே டோக்கியோவுக்குப் பிறகு தாயானவர்கள். உடம்பு திரும்பும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலும் பயிற்சிக் கூடத்திலும் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. நம் ஊரில் தடையாக நிற்பது அந்த இரண்டாவது விஷயம்தான்.

கே: அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் டோக்கியோவில் 11-வது இடம். ஏன் அதற்கு மேல் போக முடியவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ப: ஐயா, அந்த 11-வது இடம் ஒலிம்பிக் துடுப்புப் போட்டியில் இந்தியா அதுவரை எட்டாத இடம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் ராணுவத்தினர். அர்ஜுன் பௌ, அர்விந்த் ஸ்ட்ரோக். அரையிறுதியில் அவர்கள் நேரம் 6:24.41. அதே போட்டியில் அயர்லாந்தின் பால் ஓ’டொனோவன், ஃபின்டன் மெக்கார்த்தி இணை தன் அரையிறுதியில் 6:05.33. அந்தப் பத்தொன்பது வினாடியைத் தண்ணீரில் அளந்தால் ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளி.

அந்த 100 மீட்டர் எங்கே தொலைந்தது? ஓ’டொனோவன் வந்தது ஸ்கிபரீன் என்ற சின்ன ஊரிலிருந்து. அங்கே பிள்ளைகள் பள்ளி முடிந்து ஆற்றுக்குப் போகிறார்கள். நம் ஆண்களில் பெரும்பாலோர் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு, இருபது வயதை ஒட்டித்தான் துடுப்பை முதன்முதலாகத் தொடுகிறார்கள். நெஞ்சுரத்தில் குறைவில்லை, வருடங்கள்தான் குறைவு. அதே இணை 2023 செப்டம்பரில் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் சீனாவுக்கு அடுத்து வெள்ளி வாங்கியது. அன்று காலை நான் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

கே: என் மகளுக்கு 17 வயது. சென்னையில் விடுதியில் தங்கி டபுள்ஸ் பழகுகிறாள். உயரம் 161 செ.மீ., எடை 55 கிலோ. லைட்வெயிட் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாமே. அழுதுகொண்டே போன் செய்தாள். விட்டுவிடச் சொல்வதா, தொடரச் சொல்வதா?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

ப: அம்மா, உண்மைதான். 1996 அட்லாண்டாவில் வந்தது, 2024 பாரிஸோடு போயிற்று. பெண்களுக்கு இணையின் சராசரி 57 கிலோ, தனி ஆள் 59-க்கு மேல் கூடாது. ஆண்களுக்குச் சராசரி 70, தனி ஆள் 72.5. நம்மைப் போன்ற உடம்புக்காரர்களுக்கு ஒலிம்பிக்கில் திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். அதை மூடியது தவறு என்பது என் கருத்து. ஆறடி உயரக்காரர்கள் நிறைந்த நாடுகளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் அந்த வாசலுக்குள் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை பார்ப்பது போட்டிக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பு. என் இணை 56 கிலோ, ஆகவே நான் 58-க்குள் வந்தாக வேண்டும். என் இயல்பான எடை அறுபதரை. ஒரு தேசியப் போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்து சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார் அன்றைய பயிற்சியாளர். கடைசி நாள் தண்ணீரும் இல்லை. மே மாத வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன், எச்சிலை டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தேன். தராசு 57.9 காட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். போட்டியில் 1500 மீட்டர் தாண்டியதும் என் இணையின் முதுகில் காய்ந்த உப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, பிறகு அந்தக் கோடு மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மங்கியது. என் வலத் துடுப்பு தண்ணீரில் சிக்கி, பிடி வயிற்றில் வந்து இடித்தது. படகு நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, “உட்காரு, மூச்சு விடு” என்று மட்டும் சொன்னாள். அந்த வருடம் அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவளுக்கு அடுத்த வாய்ப்பு வரவே இல்லை. என் இடக்கை நகம் உரசி உரசி வலக்கை முட்டிகளில் விழுந்த தழும்புகள் இப்போதும் இருக்கின்றன. துடுப்புப் பிடிகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று போய் வருவதால் இது எங்கள் எல்லோருக்கும் உண்டு. அவற்றைப் பார்த்தால் எனக்கு அவள் குரல்தான் கேட்கும்.

உங்கள் மகள் இனி எடைக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். அது ஒன்று லாபம். அவளுக்கு நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்து, போன இடத்துக்கு எது வந்திருக்கிறது என்று பாருங்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் பீச் ஸ்பிரிண்ட் என்ற கடற்கரைப் போட்டி வருகிறது. கரையில் ஓடி, படகில் தாவி ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து 250 மீட்டர் உள்ளே போய், திரும்பி வந்து, குதித்து மறுபடி ஓட வேண்டும். ஆண் தனி, பெண் தனி, ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்த டபுள்ஸ் என மூன்று பிரிவுகள். இதிலும் எடைப் பிரிவு கிடையாது, உயரமும் பலமும் இங்கேயும் உதவும். படகும் கனம்: ஏரியில் ஓடும் டபுள்ஸுக்குக் குறைந்தபட்ச எடை 27 கிலோ, கடல் டபுள்ஸுக்கு 60. ஆனால் அலை எப்போது தூக்கும், எப்போது உடையும் என்று தெரிந்தவளுக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. ஸ்கிபரீன் பிள்ளைக்கு ஆறு என்றால், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்குக் கடல். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதக்கம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிடச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை என்கிறேன். டபுள்ஸை அவள் தொடரட்டும். கையின் மென்மையும் இணையோடு சேர்ந்து மூச்சு விடும் பழக்கமும் அதில்தான் வரும். சென்னையில் 1867 முதல் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கி எங்கே பழகினாலும் தண்ணீர் அலையில்லாமல்தான் இருக்கும். அதனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவளைக் கடலில் விடுங்கள், தெரிந்தவர் யாராவது கூட இருக்கட்டும்.

எனக்கு மூன்று விவரம் எழுதி அனுப்புங்கள். கரையில் வைத்து வலித்துப் பழகும் எர்கோ மெஷினில் 2000 மீட்டருக்கு அவள் எடுக்கும் நேரம். படகில் அவள் பௌவா, ஸ்ட்ரோக்கா. மூன்றாவது, கடலில் குளிக்கும்போது பெரிய அலை வந்தால் அதற்கு அடியில் மூழ்கிப் போகிறாளா, அல்லது அலை ஏறும் வரை காத்திருந்து அதன்மேல் மிதக்கிறாளா. மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்த இதழில் அவளுக்கே நேராக எழுதுகிறேன்.