பேக்கரி தீனியே தின்னுட்டு இருக்கற பையனுக்கு, ஓடி ஆடினா ஞாபக சக்தி நிக்குமா?

உங்க பையன் பத்தாவது, ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு தினமும் பஃப்ஸ், போண்டா, கூல்டிரிங்ஸ்னே போகுது, படிச்சது மறந்து போகுதுங்கறான், எக்சர்சைஸ் பண்ணா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. நான் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு ஸ்கூல்ல பிஇடி வாத்தியார், தினமும் இந்த வயசு பசங்க கூடத்தான் இருக்கேன், அதனால சொல்றேன். நல்லா உதவும்ங்க. ஆனா விளையாடறான்ல, என்ன வேணா தின்னட்டும்னு மட்டும் விட்றாதீங்க.

இத எலிகள வெச்சு நல்லாவே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அமெரிக்காவுல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில கோமெஸ் பினில்லான்னு ஒருத்தரோட டீம், 2004ல வெளியிட்டாங்க. ரெண்டு மாசம் எலிகளுக்கு கொழுப்பு அதிகமான தீனி, அதுல ஒரு பங்கு எலிகளுக்கு மட்டும் கூண்டுல ஓடற சக்கரம். அப்புறம் ஒரு தண்ணித் தொட்டியில விடுவாங்க, கால் வெச்சு நிக்க ஒரு மேடை தண்ணிக்கு அடியில மறைவா இருக்கும், அது எந்த பக்கம் இருந்துச்சுன்னு எலி ஞாபகம் வெச்சு நீந்திப் போய் ஏறணும். கொழுப்பு தின்னுட்டு சும்மா இருந்த எலி தடுமாறுச்சு, அதே தீனிய தின்னுட்டு ஓடின எலிக்கு அந்த பாதிப்பு வரல. காரணம் பிடிஎன்எஃப்னு ஒரு புரோட்டீன், மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கற இடத்துல புதுசா கத்துக்கறத பதிய வைக்க இது வேணும், கொழுப்பு தீனி அத குறைக்குது, ஓட்டம் திரும்ப ஏத்துது.

எலிக்கு ஆனது அப்படியே மனுசனுக்கும் ஆகும்னு சொல்லிட முடியாது, சரிதான். ஆனா 2011ல வயசானவங்க 120 பேர வெச்சு ஒண்ணு பண்ணாங்க, சாப்பாட்ட பத்தினது இல்ல, நடைய பத்தினது. வாரத்துக்கு மூணு நாள் 40 நிமிசம் வேகமா நடந்தவங்களுக்கு ஒரு வருசத்துல அதே ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெருசாச்சு, வெறும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் பண்ணவங்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கிடுச்சு. அந்த வயசுலயே இப்படின்னா வளர்ற பசங்கள உக்காத்தியே வைக்கறது எவ்ளோ தப்பு?

எனக்கு ஆத்தாமையே இங்கதான். பத்தாவது வந்துட்டா போதும், பிடி பீரியட் கணக்குக்கோ சயின்ஸுக்கோ போயிடும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், பசிக்கும்ல, கேட்டுக்கு வெளிய நிப்பட் செட்டும் எக் பஃப்ஸும்தான் இருக்கு, அத தின்னுட்டு மறுபடியும் பெஞ்சுல வந்து உக்காரணும். காலையில களி தின்னுட்டு நடந்து வந்த பசங்க ஊருங்க இது, இப்போ வேன்ல வந்து வேன்ல போறாங்க. சாப்பாட்ட ஒரே நாள்ல மாத்த முடியாது, எனக்கும் தெரியும், ஆனா ஓட்டத்த இன்னிக்கே ஆரம்பிக்கலாம்.

இந்த வயசுக்கு தினமும் 60 நிமிசம் உடம்பு வேர்க்கற மாதிரி அசைவு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே மூச்சுல வேணாம், காலையில சைக்கிள்ல ஸ்கூலுக்கு, சாயங்காலம் வாலிபால் இல்ல கபடி, போதும். தனியா ஜாக்கிங் போடான்னா நாலே நாள்ல விட்டுடுவான், செட்டு பசங்களோட ஆட விடுங்க. பையில வேர்க்கடலை, வாழைப்பழம் வெச்சு அனுப்புங்க, பேக்கரி பக்கம் போறது தானா குறையும். ராத்திரி எத்தன மணிக்கு தூங்கறான்னும் பாருங்க, தூக்கம் இல்லாம படிச்சது எதுவும் நிக்காது, ரொம்ப சோர்வா இருந்தா ரத்தத்துல ஹீமோகுளோபின் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, அடுத்த எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு, கூட்டத்துக்கு கண்டிப்பா போங்க, பத்தாவதுக்கும் பிடி பீரியட் வேணும்னு எழுதியே குடுங்க. நாங்க கேட்டா ரிசல்ட் வேணாமான்னு வாய அடைச்சிடறாங்க, பெத்தவங்க நாலு பேர் சேர்ந்து கேட்டா தராம இருக்க மாட்டாங்க.