வாகன மேடை: பழைய டயரை எப்போது விற்க வேண்டும்?

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனம் வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. அதனுடன் வந்த 265/70 ஆர் 17 டயர்கள் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கின்றன. கரடுமுரடான பாதைகளில் அடிப்பாகம் தட்டுவதால் 285/70 ஆர் 17 அளவுக்கு மாற விரும்புகிறேன். கேட்டு வருபவர் ஒருவர் இருப்பதால், பழைய டயர்களை இப்போதே விற்று அந்தப் பணத்தைப் புதியவற்றில் போடலாமா? விற்கும்போது எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும்?

பதில்: மாற்றலாம். ஆனால், புதிய டயர்களை மாட்டி, வாகனத்தை ஓட்டிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதியான பிறகுதான் பழையவற்றைக் கைமாற்ற வேண்டும். அவசரப்பட்டு விற்றுவிட்டுப் புதிய அளவு பொருந்தாமல் போனால், நல்ல நிலையில் இருந்த டயர்களை மறுபடியும் முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 265 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல் வகை டயர் என்பதைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதன்படி உங்கள் டயரின் மொத்த விட்டம் சுமார் 803 மி.மீ.; நீங்கள் விரும்பும் டயரின் விட்டம் சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ. என்றாலும் அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடுவதால், அடிப்பாகம் உயரப்போவது 14 மி.மீ. மட்டுமே. உங்கள் வாகனத்தின் அடிப்பாகம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழமாகத் தட்டியிருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, இந்த 14 மி.மீ. அதற்குப் போதுமா என்று முடிவு செய்யுங்கள். போதாது என்றால், டயருக்குச் செலவழிப்பதற்கு முன் சஸ்பென்ஷனை (சக்கரங்களுக்கு மேல் வாகனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை) உயர்த்துவது பற்றியும், அடியில் காப்புத் தகடு பொருத்துவது பற்றியும் விசாரிப்பது நல்லது.

விட்டம் ஏறத்தாழ 3.5 விழுக்காடு கூடுகிறது. மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்வதே பொதுவான நடைமுறை என்பதால், நீங்கள் தேர்ந்தெடுத்த அளவு அந்த எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது. ஸ்பீடோமீட்டர் இப்போது சரியாகக் காட்டுவதாக வைத்துக்கொண்டால், முள் 100 காட்டும்போது வாகனம் 103 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்; உண்மையில் 10,000 கிலோமீட்டர் ஓடிய வாகனம் 9,660 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டும். சக்கரத்தின் எடை கூடுவதால் கிளம்பும்போது இழுவை சற்றுக் குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். எரிபொருளும் சற்று அதிகமாகச் செலவாகும். இடைப்பட்ட 275/70 ஆர் 17 அளவில் இந்த வித்தியாசம் 1.7 விழுக்காடுதான். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் மாட்டிப் பார்ப்பேன்.

285 அளவுக்கே போவதென்றால், அந்த டயருக்குப் பொதுவாக 7.5 முதல் 9 அங்குல அகலமுள்ள ரிம் தேவை. உங்கள் ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக்கூடாது; 115 என்றால் அந்த ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும் என்று பொருள். லைட் டிரக் வகை டயர் வாங்கினால், அதே சுமைக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியாது. வாரண்டியும் காப்பீடும் இந்த அளவை ஏற்கின்றனவா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டு விட்டங்கள் இருந்தால், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும், நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி ஓட்டினால், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேதம் வரும்.

மாட்டிய அன்றே ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாக ஒடித்து, முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு ஆட்களும் சுமையும் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அமுங்கும்படி மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இறங்கி டார்ச் அடித்து, மட்கார்டின் உட்பக்க பிளாஸ்டிக்கைத் தடவிப் பாருங்கள். உரசிய இடம் தூசி போய்ப் பளபளப்பாகக் கறுத்திருக்கும். அப்படி ஒரு கீற்றும் இல்லை என்றால், பழையவற்றை விற்கலாம்.

விற்கும்போது ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில், தரையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதிக்கொடுங்கள். அந்த ஆழம் 1.6 மி.மீ. ஆகக் குறைந்தால் டயரை மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு அந்த எல்லையைக் காட்டவே வைக்கப்பட்டிருக்கிறது. புதிதில் 10 மி.மீ. இருந்தது, இப்போது 8.5 மி.மீ. இருக்கிறது என்றால், பயன்படக்கூடிய 8.4 மி.மீ.யில் 6.9 மி.மீ. மிச்சம், அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று அதிகமான ஆயுள் இருக்கிறது. அதே விகிதத்தில் விலை எதிர்பார்க்காதீர்கள். கழற்றிய டயரை வாங்குபவர் மாட்டுகூலியும் பேலன்சிங் செலவும் தாமே ஏற்க வேண்டும், வாரண்டியும் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஓடாத ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகக் கொடுத்தால் நல்ல விலை படியும்.

பஞ்சர் ஒட்டியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை நான் பளபளவென்று மெருகு பூசிய நான்கு டயர்களை வாங்கினேன். மாட்டும் கடையில் ஒன்றை உள்ளே திருப்பிப் பார்த்தபோது, பள்ளப் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் வளைவில் பஞ்சரை அடைக்கும் ரப்பர் திரி செருகியிருந்தது தெரிந்தது. டயர் அதிகமாக மடங்கி நிமிரும் இடம் அது. அங்கே ஒட்டு நிலைக்காது. என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகவிருந்த டயர் அது. ஆகவே மெருகு பூசாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உட்பக்கத்தையும் படமெடுத்துக் காட்டுங்கள். அப்படிக் காட்டுபவரிடம் விவரமறிந்தவர்கள் பேரம் அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: பெரிய அளவுக்கு மாறிய பின் பழைய டயர்களைக் கழற்றி வைத்திருக்கிறேன். வாங்க வந்தவர் பக்கச்சுவரில் 3523 என்று இருப்பதைக் காட்டி, “பழைய சரக்கு” என்று சொல்லிப் போய்விட்டார். அது என்ன எண்?

பதில்: பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) எனத் தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை. 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் இறுதியில், தயாரானது என்று பொருள். பள்ளம் தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும் என்பதால் அவர் தேதியைப் பார்த்தது சரியே. தயாரிப்பாளர்கள் பலர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டுகளில் கட்டாயம் மாற்றவும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் டயர்கள் பழைய சரக்கு அல்ல. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் இல்லை என்பதைப் பகல் வெளிச்சத்தில் வளைத்துக் காட்டினால் அடுத்து வருபவர் ஏற்றுக்கொள்வார். அதுவரை வெயில் படாத, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம் இல்லாமல் இருந்தால் செங்குத்தாக நிறுத்தி, மாதம் ஒருமுறை சற்று உருட்டி வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம். மின்மோட்டார் ஓடும் இடத்தின் அருகே வைக்க வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.