வேதம் வாசிக்கிறேன், மனதில் நிற்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: சில வருடங்களாக வேதாகமத்தை வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் வாசித்து முடிக்கிறேன். ஆனால் காலையில் வாசித்ததை மத்தியானம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ போகிறது. "தியானம் செய்யுங்கள்" என்கிறார் போதகர். எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மனதை வெறுமையாக்கி உட்காருவது நமக்கு ஆகுமா என்ற குழப்பமும் இருக்கிறது.

பதில்: சகோதரி, கடைசிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வேதம் சொல்லும் தியானத்தில் மனதைக் காலி செய்யும் வேலை இல்லை. முதலாம் சங்கீதத்தின் பாக்கியவான் இரவும் பகலும் தியானிப்பது கர்த்தருடைய வேதத்தை. யோசிக்க ஒரு வசனம் இருக்கிறது, பேச ஒருவர் இருக்கிறார். சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்து மூச்சு சீரானால் நல்லதுதான். அது ஆயத்தம், அதோடு நின்றுவிடக்கூடாது.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் முழுக்கதையும் பிடிபடும், எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு வார்த்தையும் உள்ளே இறங்க நேரம் கிடைக்காது. உங்கள் பக்தியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

12-ம் நூற்றாண்டில் கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் கிகோ இதை ஏணியாகவே எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் தேவசமுகத்தில் பேச்சற்று இளைப்பாறுதல். இரண்டாம் படியில் கால் வைக்காமல் மூன்றாவதுக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் முல்லர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை ஜெபத்தாலேயே தாங்கியவர் என்று நாம் கொண்டாடும் அதே முல்லர்தான். பல வருடங்கள் எழுந்தவுடன் நேரே ஜெபத்தில் இறங்குவாராம். முதல் கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்துகொண்டிருக்குமாம். 1841-ல் வரிசையை மாற்றினார். முதலில் ஒரு சிறு பகுதியைத் தியானிப்பது, அது தானாக ஜெபமாகத் திரும்ப விடுவது. அலைச்சல் பெருமளவு நின்றது. உங்களுக்கும் நான் சொல்லப்போவது இந்த வரிசை மாற்றத்தைத்தான்.

மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நாளுக்குப் பத்து வசனம் போதும். 678 வசனங்களும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் போனால் முடிந்துவிடும். அதிகார எண்ணைப் பார்த்து நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் வந்தது, இன்றைய வசன எண்கள் 1551-ல் வந்தவை. சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் தடவை கையில் பேனாவோடு: யார் பேசுகிறார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்தது?

பத்தாம் அதிகாரத்துக் கடைசியில் வரும் பர்திமேயுவைப் பாருங்கள். குருடன், எரிகோவுக்கு வெளியே வழியோரம் பிச்சை எடுக்கிறவன், கூப்பிடுகிறான், பார்வை பெறுகிறான். வேகமாக வாசித்தால் இன்னொரு அற்புதம். இப்போது சில வசனம் பின்னால் போங்கள். பர்திமேயுவிடம் இயேசு கேட்கும் "உனக்கு நான் என்ன செய்யவேண்டும்" என்ற அதே கேள்வியைச் சற்று முன்புதான் தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது மகிமையில் வலது இடது பக்கத்து இடம். இவன் கேட்டது பார்வை. கண் உள்ளவர்களுக்குத் தாங்கள் கேட்பது என்னவென்றே தெரியவில்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார், குருடனுக்குத் தெரிந்திருக்கிறது! இன்னொன்று: எழுந்து வரும்போது மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு வருகிறான். ஒரு பிச்சைக்காரனிடம் வேறு என்ன இருந்திருக்கும்?

இதுவரை செய்தது ஆராய்ச்சி. இங்கேயிருந்து தியானம். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு சற்று நேரம் பதில் சொல்லாமல் இருங்கள். முதலில் வாயில் வருவது யாக்கோபின் பதிலா, பர்திமேயுவின் பதிலா? எது வந்தாலும் அதையே ஜெபமாக்குங்கள். பிறகு ஒரே வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே எடுத்துப் பாருங்கள். மத்தியானம் நினைவில் இல்லை என்ற குறை இதிலேயே பாதி போய்விடும்.

ஆராய்ச்சியை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அர்த்தம் தெரியாத தியானம் நம் ஆசையை வசனத்தின் வாயில் வைத்துவிடும். எரேமியா 29:11-ஐப் பாருங்கள்; நல்ல முடிவு தருவேன் என்ற வாக்குத்தத்தம், வாழ்த்து அட்டைகளில் அதிகம் வருவது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருடம் என்றிருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைக் கண்டிருக்கவே முடியாது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வசனத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஜெபமே மாறிவிடும். ஒத்துவாக்கியங்கள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) உள்ள வேதாகமமும் ஒரு வேத அகராதியும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். விளக்கவுரையை நீங்களே யோசித்து முடித்த பின் திறங்கள்.

எந்த வசனமும் மனதோடு பேசாத நாட்களும் வரும். அன்று 13-ம் சங்கீதம். ஆறே வசனம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறார், நீங்களும் கேட்கலாம். உணர்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசித்துவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள்.

சரி, வருட வாசிப்பை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம், மாலைக்கு மாற்றுங்கள். கேட்பொலியாகக் கேட்டாலும் பரவாயில்லை. 1842-ல் தன் சபையாருக்கு வருட வாசிப்பு அட்டவணை போட்டுக்கொடுத்த ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மக்செய்ன்கூட, அது வெறும் சடங்காகலாம், சிலருக்குத் தாங்க முடியாத சுமையாகலாம் என்று கூடவே எச்சரித்தார். ஆகையால் பின்தங்கினால் தேதியைத் துரத்தி ஓடாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மாற்கு முடிந்ததும் பிலிப்பியருக்குப் போகலாம்: நான்கே அதிகாரம்தான், அதையும் இதே பத்து வசன அளவில்.