மொட்டைப் பெட்டிசமா, இரகசிய முறைப்பாடா? பொலிஸுக்குள் இருப்பவர்களுக்கான கேள்வி பதில்

பொலிஸுக்குள் நடக்கும் தவறை எப்படி முறையிடுவது என்று வன்னிப் பொலிஸ் நிலையங்களில் வேலை செய்பவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவை. பெட்டிசம் என்றால் முறைப்பாட்டுக் கடிதம், பெயர் போடாவிட்டால் அது மொட்டைப் பெட்டிசம். நிலையங்களின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

கிளிநொச்சியிலிருந்து: பெயர் போடாத பெட்டிசத்தை எடுப்பார்களா?

விசாரிக்க ஏதாவது இருந்தால் எடுப்பார்கள். "ஓ.ஐ.சி. (நிலையப் பொறுப்பதிகாரி) மணல்காரரிடம் காசு வாங்குகிறார்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள்ளேயே கிடக்கும். எந்த நாள், எத்தனை மணி, டிப்பர் இலக்கம், எந்தச் சோதனைச்சாவடி, ஏற்றிய மணல் எத்தனை கியூப், அனுமதிப்பத்திரம் பார்த்தார்களா, யார் கையில் காசு போனது: இவ்வளவும் வேண்டும்.

ஆனால் மொட்டைப் பெட்டிசம் வேறு, இரகசிய முறைப்பாடு வேறு. மொட்டையில் உங்களிடம் இரண்டாம் கேள்வி கேட்க வழியில்லை. பழிவாங்கினாலும் யாரைப் பாதுகாப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. இரகசியத்தில் பெறுபவருக்கு உங்களைத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. முடிந்தவரை இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வவுனியாவிலிருந்து: எங்கே கொடுப்பது? ஏ.எஸ்.பி.யிடம் (உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம்) கொடுத்தால் போதாதா?

இலஞ்சம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. அடி, சித்திரவதை, சட்டவிரோதக் கைது என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996. வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. ஒழுக்கக்கேடு, கடமை தவறல் என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு.

ஏ.எஸ்.பி. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடிதம் "அறிக்கைக்காக" என்று கீழே இறங்கும்போது நாலைந்து மேசை தாண்டும், கடைசியில் வருவது உங்கள் நிலையத்துக்கே. கொழும்புக்கு அனுப்பினாலும் இப்படித் திரும்பி வரலாம். அதனால் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "என் பெயரை வெளியிட வேண்டாம். இதே பிரிவுக்கு அனுப்பி அறிக்கை கேட்க வேண்டாம்." பெயரையும் தொடர்பு இலக்கத்தையும் தனித்தாளில் வையுங்கள். கடிதம் சுற்றுக்குப் போனாலும் அந்தத் தாள் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: தமிழிலேயே எழுதலாமா?

எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனால் தமிழ் எழுதக்கூடியவர்கள் மூன்று பேரே உள்ள நிலையத்தில், கையெழுத்தில்லாத தமிழ்க் கடிதமும் கையெழுத்திட்ட கடிதம்தான். கையால் எழுதாமல் தட்டச்சுச் செய்யுங்கள், நிலையக் கணினியில் அல்ல. மொட்டைக் கடிதம் என்றால் பக்கத்து உப தபாலகத்தில் போடாதீர்கள், தபாலகம் குத்தும் முத்திரை காட்டிக்கொடுக்கும். பெயரோடு அனுப்பினால் பதிவுத்தபால். பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கட்டும்.

ஆட்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் உள்ளடக்கத்தால்தான். அறைக்குள் இரண்டு பேர் மட்டும் கேட்ட பேச்சை அப்படியே எழுதினால் எந்தச் சட்டத்தாலும் மறைக்க முடியாது. பலர் பார்க்கக்கூடிய விவரத்தை முன்னே வையுங்கள். மற்றதை விசாரணையாளர் நேரில் கேட்கும்போது சொல்லலாம்.

மாங்குளத்திலிருந்து: நிலையத்துப் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்துக் கொடுக்கலாமா?

தாளைக் கிழிப்பதோ புத்தகத்தை வெளியே கொண்டுபோவதோ உங்கள் மேலேயே குற்றமாகிவிடும். புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம் மூன்றையும் குறித்தால் போதும், விசாரணையாளர் மூலத்தையே கேட்டு எடுப்பார். இல்லாத பதிவும் சாட்சிதான்: ஜீப் வெளியே போனதற்கு அவுட் என்ட்ரி இருக்கிறது, இன் என்ட்ரி இல்லை என்றால் அந்த இடைவெளியை எழுதுங்கள். படம் எடுத்தால் எடுத்த கோணமே யார் நின்றது என்று சொல்லிவிடும். நிலைய வட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பவே வேண்டாம்.

மல்லாவியிலிருந்து, ஒரு மனைவி: முறையிட்ட பிறகு என் கணவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

தங்கச்சி, முறைப்பாட்டுத் திகதி, மாற்றக் கடிதத்தின் திகதி, மறுத்த லீவுகள், திடீரெனக் கூடிய இரவுக் கடமை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் வெளிப்படுத்துபவரைப் பழிவாங்கலிலிருந்து பாதுகாக்கிறது. அதனால் இலஞ்ச முறைப்பாடு என்றால் அதே ஆணைக்குழுவுக்கு உடனே அறிவியுங்கள். மாற்றத்துக்கு எதிராக தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு, அதன் தீர்ப்பும் சரியில்லை என்றால் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் கெடு. அதற்குள் சட்டத்தரணியைப் பாருங்கள். அந்தக் கெடுதான் பலருக்குத் தவறிப்போவது.

உயிர்ப் பயம் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புக்கான தேசிய அதிகாரசபையிடம் நேரே கேளுங்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பிரிவில் இருப்பதும் பொலிஸார்தான் என்பதை மறக்காதீர்கள்.

முல்லைத்தீவிலிருந்து: பேஸ்புக்கில் போட்டால் கெதியாக நடக்குமே?

நடக்கும், உங்கள் மேல் ஒழுக்காற்று விசாரணை.

பூநகரியிலிருந்து: சொன்னது பிழை என்று தெரியவந்தால்?

நம்பிச் சொன்னது பிழைத்தால் அது வேறு. பொய் என்று தெரிந்தே சொல்வதுதான் குற்றம். "கண்டேன்", "கேட்டேன்", "ஊகிக்கிறேன்" மூன்றையும் பிரித்து எழுதியிருந்தால் அந்தக் கடிதமே உங்களுக்காகப் பேசும்.