அம்மாவின் மூச்சும் தை மாதமும்

வணக்கம் டாக்டர்,

என் அம்மாவுக்கு 58 வயது. பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லை. இருமல் விடாமல் இருந்ததால் டி.பி. என்று சொல்லி நான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. நெஞ்சில் நீர் கோத்து, அதை எடுத்துச் சோதித்தபோது நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்றார்கள். மரபணுச் சோதனையில் ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ், எக்ஸான் 19 (அந்த மரபணுவின் 19-ஆம் பகுதியில் மாற்றம்) என்று வந்திருக்கிறது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரை, 80 மில்லிகிராம், தினமும் ஒன்று சாப்பிடுகிறார். ஐந்து வாரம் ஆகிறது. இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் முகமெல்லாம் பரு, நகக்கண்ணில் வீக்கம், தினமும் நாலைந்து தடவை பேதி. எல்லாவற்றையும்விட இரவில் மூச்சுதான் பெரும்பாடு. படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். முள்சீத்தா கஷாயம் வந்து இறங்கிவிட்டது. அம்மாவிடம் ‘நெஞ்சுல நீர், சரியாயிரும்’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். தம்பி கல்யாணத்தைத் தை மாதத்துக்குப் பேசியிருந்தோம். ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்கிறார் மாமா. நம்பிக்கை வைக்கலாமா கூடாதா, அதையாவது சொல்லுங்கள்.

ம., மதுரை மாவட்டம்

அன்புள்ள ம.,

கல்யாணத் தேதிக்குக் கடைசியில் வருகிறேன். ராத்திரி தூங்காத மனுஷியிடம் நம்பிக்கையைப் பற்றி என்ன பேசினாலும் காதில் ஏறாது. முதலில் மூச்சைப் பார்ப்போம்.

படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் தணிகிறது என்றால் நீர் மறுபடி சேர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வாரமே ஒரு எக்ஸ்ரேயும் நெஞ்சு அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள். கூடவே ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஆசிமெர்டினிப் சாப்பிடுகிற 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு அந்த மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். புதிதாக வறட்டு இருமல், காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறுகிற இரைப்பு என்று அது வரும். அப்படித் தெரிந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நீர் இருந்தால் எடுப்பார்கள். ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நாள்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும் என்பதுதான் காரணம். எடுக்கும்போது விடாத இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அம்மா உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரை நன்றாகக் கேட்டால் நீர் தானாகவே வற்றுவதும் உண்டு. வற்றாமல் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஊசி போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. டால்க் பொடி செலுத்தி, நுரையீரலையும் நெஞ்சுச்சுவரையும் மூடியிருக்கிற இரண்டு படலங்களையும் ஒட்டவைக்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே நீரை வடிக்கிற மாதிரி மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் பொருத்தலாம். ‘திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் செய்ய வேண்டியது. கட்டிலோரத்தில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு தலையணை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தலையணையில் ஊன்றிக்கொள்ளட்டும். கையின் பாரம் தலையணைக்குப் போனதும் தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ வந்துவிடும். மூக்கால் இழுக்கும்போது இரண்டு எண்ணுங்கள். சுடுகாப்பியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து விடும்போது நான்கு எண்ணுங்கள். பதற்றத்தில் எல்லோரும் இழுப்பதிலேயே குறியாக இருப்பார்கள். பழைய காற்று வெளியேறாமல் புதுக் காற்றுக்கு இடம் ஏது? அதனால் ‘நல்லா இழும்மா’ என்று சொல்லாதீர்கள், ‘மெதுவா விடும்மா’ என்று சொல்லுங்கள். கூடவே பேட்டரியில் ஓடுகிற சின்னக் கைவிசிறி ஒன்று. முகத்திலிருந்து அரையடி தள்ளிப் பிடித்து, மூக்கும் மேலுதடும் இருக்கிற இடத்தில் இப்படியும் அப்படியுமாக ஐந்து நிமிஷம் காட்டுங்கள். முகத்தில் படுகிற குளிர்ந்த காற்று அங்குள்ள நரம்பு வழியாக மூச்சுமுட்டும் உணர்வைக் குறைக்கிறது. சீலிங் ஃபேன் அந்த வேலையைச் செய்யாது. பேட்டரி தீர்ந்தால் பனையோலை விசிறியும் போதும்.

ஆக்சிஜன் மிஷினுக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விரலில் மாட்டுகிற கருவியில், நகப்பூச்சு இல்லாத விரலில், உட்கார்ந்திருக்கும்போதும் நாலடி நடந்தபிறகும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பாருங்கள். 90-க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் உதவும். 95, 96 இருக்கிறவருக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் வெறும் காற்றைக் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தும் திணறினால் மார்ஃபின் பற்றிக் கேளுங்கள். மிகக் குறைந்த அளவில், 2.5 மில்லிகிராமில், ஆரம்பிப்பார்கள். மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற பயத்தில் எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் அந்த நிம்மதியைத் தள்ளிப்போடுகின்றன. மனம் பொறுக்கவில்லை. சரியான அளவில், மருத்துவர் பார்வையில் எடுத்தால் மூச்சு நின்றுவிடாது. மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், நாளாக ஆகப் பழகியும் போகாது. அதனால் மலமிளக்கியை முதல் நாளே சேர்த்து ஆரம்பிக்க வேண்டும். பேதி இருக்கிற உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி டி.பி. மாத்திரை. அதிலுள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு ஆசிமெர்டினிப்பை வேகமாக எரிக்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் மருந்து ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கிவிடும். நிறுத்தியபிறகும் இரண்டு மூன்று வாரம் அந்த வேகம் இருக்கும். அம்மா அதை என்றைக்கு நிறுத்தினார் என்று தேதியோடு புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டி.பி.யும் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். பின்னால் எப்போதாவது வலிப்பு வந்து ஃபெனிடாயின் எழுதினாலும் இதே சிக்கல்தான். வலிப்புக்கான இன்னொரு மருந்தான லெவெடிராசெட்டம் அதைச் செய்யாது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம், நேரம் மாறாமல் இருந்தால் சரி. மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எடுக்கலாம், குறைவென்றால் விட்டுவிடுங்கள்.

பேதி பாதிப் பேருக்குமேல் வருகிறது. லோபராமைடு 2 மில்லிகிராம் மாத்திரை முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனபின்னும் ஒன்று, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் இதைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். தம்ளரில் பாதிப் பொடியைக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப் பேதி இன்னும் அதிகமாகும். முகத்தில் இருப்பது பருவே இல்லை, பருவுக்கான கிரீம் தோலை மேலும் உலர்த்தும். மஞ்சளையும் சீயக்காயையும் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, மணமில்லாத மாய்ஸ்சரைசரைக் குளித்த ஈரத்தோடு தடவுங்கள். பரவினால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார்கள். நகக்கண்ணுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தினமும் கால் மணி நேரம் விரலை ஊறவையுங்கள். பாத்திரம் தேய்க்கும் வேலை இனி உங்கள் தம்பிக்கு.

கஷாயம் வேண்டாம். முள்சீத்தா மனிதர்களின் புற்றுநோயைக் குறைத்ததாகச் சான்று இல்லை. கல்லீரல் அளவுகள் ஏறினால் மாத்திரையாலா கஷாயத்தாலா என்று தெரியாமல், வேலை செய்துகொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்த வேண்டிவரும். கொண்டுவந்தவரின் அன்பு பெரிது, அதைத் தயிர்சாதமாகவோ அவித்த முட்டையாகவோ கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதும் பொய். உடம்பு தன் சதையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும், எடைதான் இறங்கும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

முதுகுவலியோடு கால் பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்தால், காலையில் தலைவலியும் வாந்தியுமாக எழுந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இனி அம்மாவிடம் மறைப்பது. புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் எழுதிய வாசல் வழியாகத்தானே மாதாமாதம் அவரை அழைத்துப் போகிறீர்கள்? அநேகமாக அவருக்குத் தெரியும். உங்களைக் காப்பாற்ற அவர் நடிக்கிறார், அவரைக் காப்பாற்ற நீங்கள் நடிக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது, ‘டாக்டர் சொன்னதுல உனக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்மா?’ என்று கேளுங்கள். ‘நீங்க பாத்துக்கங்க’ என்றால் அதோடு விடுங்கள், அதுவும் அவர் உரிமை. ‘கேன்சரா?’ என்று கேட்டால் ‘ஆமாம்மா’ என்று சொல்லிவிட்டு, ‘அதுக்குத்தான் இந்த மாத்திரை, இருமல் குறைஞ்சிருக்கு பாரு’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் உண்மை. என்ன பாவம் செய்தேன் என்று கேட்டால், நுரையீரலின் ஒரு செல்லில் பிற்பாடு நேர்ந்த பிழை இது, புகை பிடிக்காத பெண்களிடம் அதிகம் காணப்படும் வகை என்று சொல்லலாம். பிள்ளைகளுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். பொதுவாக இது பரம்பரையாக வருவதில்லை.

நம்பிக்கைக்கு வருகிறேன். நோய் முழுக்கக் குணமாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மரபணு பார்க்காமல் எல்லோருக்கும் கீமோ கொடுத்த, 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் நடுமதிப்பு ஆயுள் சுமார் 8 மாதம். உங்கள் அம்மாவுக்கு இருக்கிற வகையினருக்கு ஆசிமெர்டினிப் கொடுத்த ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த நடுமதிப்பு 18.9 மாதம், ஆயுள் 38.6 மாதம். நடுமதிப்பு என்றால் கெடு இல்லை. 100 பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண் அது. அவருக்குப் பின்னால் இன்னும் 50 பேர், சிலர் பல ஆண்டுகள் தள்ளி. எக்ஸான் 19 இந்த மாத்திரைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். என்றாவது கேட்காமல் போனால் மறுபடி பயாப்சியோ ரத்தத்தில் மரபணுச் சோதனையோ செய்து அடுத்ததைத் தேர்வார்கள். கீமோ அப்போதும் கைவசம் இருக்கும்.

இன்னொரு எண். 2010-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு, வலி, மூச்சு, மனச்சோர்வு இவற்றைப் பார்க்கும் பாலியேட்டிவ் மருத்துவர்களையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்தார்கள். அவர்களின் நடுமதிப்பு ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவு. ‘இனி ஒன்றுமில்லை’ என்கிறபோது தேடுகிற சிகிச்சையாக அதை நினைக்காதீர்கள், இப்போதே சேருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் இந்தச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

கல்யாணம். முதல் ஸ்கேன் ஆவணி வாக்கில் வரும். அதற்குமுன் தேதியை மாற்றாதீர்கள். கட்டி சுருங்கியிருந்தால் தை மாதத்தை நம்பி மண்டபம் பிடிப்பது நியாயமான முடிவு. உறுதி தர முடியாது, ஆனால் வாய்ப்பு உங்கள் பக்கம். சுருங்கவில்லை என்றால் ஐப்பசியில் சின்னதாக வைக்கலாம். எதுவானாலும் தேதியை அம்மா சொல்லட்டும், மாமா வேண்டாம். மாடிப்படி இல்லாத மண்டபமாகப் பாருங்கள். மேடையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள். ஹோமப் புகை அடிக்காத பக்கமாக அதைப் போட வேண்டும். புரோகிதரிடம் முந்தின நாளே சொன்னால் நெய்யைக் குறைத்து விடுவார். கைவிசிறியை சார்ஜ் போட்டு அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள்.